இஷாப்பூர், 1943

(மாவட்ட நூலக அரங்கில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நூலகர் சற்றுத் தயங்கினார். எந்தத் துப்பாக்கி என்று கேட்டார். போலீஸ்காரர் தோளில் பார்த்திருப்பீர்களே, த்ரீ நாட் த்ரீ, அதுதான் என்றேன். உடனே அவருக்கு விளங்கிவிட்டது. தமிழ்நாட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் அந்த ரைபிளைப் பார்த்திருக்கிறோம். கருவூல வாசலில் அது நின்றது. தேர்தல் நாளில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்றது. கைதிகளைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போகும் பேருந்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வந்தது. நாம் பார்த்த காலத்திலேயே அது பழசு. நம்மில் பெரும்பாலோர் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டது.

நான் இயந்திரப் பொறியாளன். பென்சில்வேனியாவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே இருந்த காலத்தில், படைகள் கழித்துவிட்ட பழைய போல்ட் ரைபிள்களைச் சேகரித்தேன், சுட்டேன், பழுது பார்த்தேன். அதிகபட்சம் ஒன்பது வைத்திருந்தேன். இன்று என்னிடம் ஒன்றுகூட இல்லை. ஊர் திரும்பும்போது எல்லாவற்றையும் சட்டப்படி வேறு கைகளுக்கு மாற்றிவிட்டு வந்தேன். அவற்றில் ஒரே ஒரு ரைபிளைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேசப்போகிறேன். அதன் இரும்பில் இஷாப்பூர் என்ற பெயரும் 1943 என்ற ஆண்டும் பொறித்திருந்தன.

அதற்கு முன்னால் போல்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, மறுபடி தள்ளி, கீழே மடக்குகிறோம். ரைபிளின் பின்பக்கத்தில் இருப்பதும் அதே தாழ்ப்பாள்தான். தூக்கி இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியே விழும். தள்ளினால் அடியிலிருக்கும் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். மடக்கினால் பூட்டிக்கொள்ளும். தானாக எதுவும் நடக்காது. ஒவ்வொரு முறையும் கை வேலை செய்ய வேண்டும்.

இந்தத் தாழ்ப்பாளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று ஜெர்மானிய மவுசர். அதில் பூட்டும் பற்கள் தாழ்ப்பாளின் முன்முனையில் இருக்கும், உறுதி அதிகம். மற்றது ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவருடைய ஏற்பாடு. இவர் ஸ்காட்லாந்தில் 1831இல் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் வாழ்ந்தவர். கழற்றி மாட்டக்கூடிய தோட்டாப் பெட்டிக்கு 1879இல் காப்புரிமை வாங்கியவர். லீயின் போல்ட்டில் பூட்டும் பற்கள் பின்பக்கம் இருக்கும். அதனால் இழுக்க வேண்டிய தூரம் குறைவு, பிடியைத் தூக்க வேண்டிய உயரமும் குறைவு. பத்துத் தோட்டா பிடிக்கும். உறுதியில் மவுசருக்கு ஒரு படி கீழே என்றாலும் வேகத்தில் அதை மிஞ்சியது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசுத் தொழிற்சாலை இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது. லீயும் என்ஃபீல்டும் சேர்ந்து 1895இல் லீ-என்ஃபீல்டு ஆனது. குழலைக் குட்டையாக்கிய மாதிரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1907இல் வந்த மூன்றாம் மாதிரிதான் நம் போலீஸ்காரர் தோளில் எண்பது தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் தொங்கியது.

என்ஃபீல்டு என்றதும் இங்கே சிலருக்குப் புல்லட் மோட்டார் சைக்கிள் ஞாபகம் வந்திருக்கும். தொடர்பு உண்மைதான். ரெடிட்ச் என்ற ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு இந்தத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்துதரும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பெருமையில்தான் தன் வண்டிகளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தது. துப்பாக்கியைப் போலச் செய்தது என்பதையே வணிக வாசகமாகவும் வைத்துக்கொண்டது. 1955இல் அந்தப் பெயர் திருவொற்றியூருக்கு வந்தது. சென்னைத் தெருவில் ஓடும் புல்லட்டின் பெயருக்குள் இந்த ரைபிள் இன்னும் இருக்கிறது.

என் அப்பா ஆயுதப்படைக் காவலர். நாங்கள் குடியிருந்தது ஆயுதப்படை லைன் வீட்டில். ரைபிள்கள் இருக்கும் அறைக்கு பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்று பெயர். அதன் பக்கம் பிள்ளைகள் போகக்கூடாது. ஆனால் சுடும் பயிற்சி முடிந்த நாட்களில் முற்றத்தில் நடப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். அண்டாவில் வெந்நீர் கொதிக்கும். ஒருவர் ரைபிளைச் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் புனல் வைத்துக் குழலுக்குள் வெந்நீரை ஊற்றுவார். மறுமுனையில் சாம்பல் நிறத் தண்ணீர் வழியும். பிறகு புல்த்ரூ என்ற கயிற்றில் துணியை மாட்டிக் குழல் வழியாக இழுப்பார்கள். அந்தத் துணிக்குச் சிந்தி என்று பெயர். கடைசியாக எண்ணெய். இரும்புக்கு எதற்கு வெந்நீர் என்று அப்பாவைக் கேட்டேன். "உப்புடா. எண்ணெயில உப்பு கரையாது, தண்ணியிலதான் கரையும்" என்றார்.

அதன் வேதியியல் எனக்கு முப்பது வயதில் புரிந்தது. பழைய தோட்டாக்களின் அடியில் தீப்பற்றும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். நம் சமையல் உப்புக்குத் தம்பி முறை. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, இரண்டே நாளில் குழலைத் துருப்பிடிக்க வைத்துவிடும். அமெரிக்காவில் முதல் பழைய ரைபிளைச் சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்த இரவு, அடுப்பில் கெட்டிலை வைத்தேன். புனலைத் தேடி எடுத்தேன். சேகரிப்பாளர்கள் பலர் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். நான் வேலியோரம் நின்று கற்றுக்கொண்டேன்.

இனி, இந்த ரைபிள்கள் எப்படித் தனி மனிதர் கைக்கு வந்தன என்ற கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உலகப் படைகள் எல்லாம் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு மாறத் தொடங்கின. கோடிக்கணக்கான போல்ட் ரைபிள்கள் கிடங்குகளில் தேங்கின. அரசுகள் அவற்றை எடைக்குப் போடாத குறையாக விற்றன. சாம் கம்மிங்ஸ் போன்ற வணிகர்கள் கப்பல் கப்பலாக வாங்கி வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியாவில் கிடங்குகளில் அடுக்கினார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் தபாலில் பணம் அனுப்பினால் ரைபிள் வீட்டுக்கு வரும். 1963இல் ஒரு சிகாகோ கடையின் விளம்பரம் பார்த்து, தொலைநோக்கி பொருத்திய பழைய இத்தாலிய இராணுவ ரைபிள் ஒன்றை 19 டாலர் 95 சென்ட்டுக்குத் தபாலில் வரவழைத்தான் ஒருவன். அவன் பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அந்த ரைபிளால்தான் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். 1968இல் வந்த சட்டம் தபால் விற்பனையை நிறுத்தியது, இராணுவ மிச்சங்களின் இறக்குமதியையும் தடுத்தது. எண்பதுகளில் பழம்பொருள் என்ற வகையில் மீண்டும் கதவு திறந்தது. ஐம்பது ஆண்டு கடந்த துப்பாக்கிகளைச் சேகரிப்பதற்கென்று தனி உரிமம் ஒன்று அங்கே உண்டு. அதை வைத்திருப்பவர், வாங்கியது விற்றது எல்லாவற்றையும் எண்ணோடு ஒரு பேரேட்டில் பதிந்து வைக்க வேண்டும். என் பேரேட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

நான் வாங்கிய முதல் ரைபிளை நானே கெடுத்தேன். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடர முடியாது. மரக்கட்டை கறுத்து, எண்ணெய் ஊறி, அழுக்கு அப்பி இருந்தது. நல்ல பொறியாளன் செய்கிற வேலை என்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். மூன்று மாலை தேய்த்தேன். மரம் புது மேசை போலப் பளபளத்தது. சுடுதளத்தில் ஒரு முதியவர் அதைக் கையில் வாங்கி, கட்டையின் வலது பக்கத்தைத் தடவிப் பார்த்து, இங்கே என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். ஏதோ எழுத்தும் எண்ணும் இருந்ததாக நினைவு. என்ன எழுத்து என்று எனக்குத் தெரியவில்லை. படைப்பிரிவின் முத்திரையாக இருக்கலாம், பழுது பார்த்த கிடங்கின் குறியாக இருக்கலாம். உப்புத்தாளோடு போய்விட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. ரைபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அதன் பிறகு எந்தப் பழைய ரைபிளின் மரத்திலும் நான் ஆளிவிதை எண்ணெயைத் தவிர வேறு எதையும் தொடவிட்டதில்லை. அதையும் உள்ளங்கையால் தேய்ப்பேன்.

இஷாப்பூர் ரைபிள் அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. ஒரு விவசாயி இறந்துபோக, அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். பால் கறக்கும் வாளிகளுக்கும் தையல் இயந்திரத்துக்கும் நடுவே அது சாய்த்து வைத்திருந்தது. கைப்பிடிக்குக் கீழே இரும்பில் ஒரு கிரீடம். அதற்குக் கீழே ஜி.ஆர்.ஐ. என்ற மூன்று எழுத்து. அதற்குக் கீழே இஷாப்பூர். அதற்குக் கீழே 1943. நான் அங்கேயே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு பழைய ரைபிளை எப்படிப் படிப்பது என்று இந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று எழுத்து. ஜார்ஜ், அரசர், பேரரசர் என்று அவற்றுக்கு லத்தீனில் பொருள். இங்கிலாந்தில் செய்த ரைபிளில் ஜி.ஆர். என்று இரண்டெழுத்துதான் இருக்கும். அங்கே அவர் அரசர் மட்டுமே, இந்தியாவுக்குத்தான் பேரரசர். அந்த மூன்றாவது எழுத்து நாம் அடிமைப்பட்டதற்கு இரும்பில் அடித்த சான்று. விடுதலைக்குப் பிறகு இதே இஷாப்பூரில் செய்த ரைபிள்களில் கிரீடம் போய் அசோகரின் சிங்கங்கள் வந்தன. கிரீட ரைபிளையும் சிங்க ரைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்த ஓர் அங்குல இடம்தான் வேறு.

இரண்டாவது, எண்கள். இரும்புச் சட்டத்தில் ஒரு எண், போல்ட்டின் பிடியில் ஒரு எண். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் பிறந்த நாளிலிருந்து அவை பிரியவில்லை என்று பொருள். என்னுடையதில் இரண்டும் ஒன்றே. சேகரிப்பாளர்கள் இதற்கு மிகுந்த மதிப்பு கொடுப்பார்கள். அது வெறும் அழகுக்காக இல்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவது, கட்டையின் குறுக்கே, தோட்டாப் பெட்டிக்குச் சற்று முன்னால், ஒரு திருகாணி. இங்கிலாந்து ரைபிள்களில் அது கிடையாது. வெப்பமும் ஈரமும் மாறி மாறி அடிக்கும் நம் நாட்டில் முன்கட்டை பிளந்துபோகும். பிளக்காமல் இறுக்கிப் பிடிக்க இந்தியப் பட்டறைகள் செய்த ஏற்பாடு அது. உலகச் சேகரிப்பாளர்கள் அதை இஷாப்பூர் திருகாணி என்றே அழைக்கிறார்கள். ஆடி மாதத்துக் காற்றையும் ஐப்பசி மழையையும் தெரிந்த ஒரு தொழிலாளியின் மூளை அதில் இருக்கிறது.

நான்காவது, பின்கட்டையின் பித்தளைத் தகட்டில் ஒரு சிறு கதவு. அதைத் திறந்தால் உள்ளே ஒரு பொந்து. எண்ணெய்ப் புட்டியும் புல்த்ரூவும் வைப்பதற்கு. ஏலத்தில் வாங்கி வந்த அன்றிரவு திறந்தேன். பித்தளைப் புட்டி உள்ளேயே இருந்தது. மூடியைத் திருகினால், உலர்ந்த எண்ணெயின் வாசனை. அப்பாவின் காக்கிச் சட்டையில் வந்த வாசனை.

இப்போது அந்த ஆண்டு.

இஷாப்பூர், கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கிறது. 1943 என்பது வங்காளப் பஞ்சத்தின் ஆண்டு. இருபது லட்சத்திலிருந்து முப்பது லட்சம் பேர்வரை இறந்தார்கள். கிராமங்களிலிருந்து கஞ்சிக்காக நடந்துவந்தவர்கள் கொல்கத்தா நடைபாதைகளில் விழுந்து செத்தார்கள். போர்க்காலத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு மட்டும் அரிசி தனி ஒதுக்கீட்டில், கட்டுப்பாட்டு விலையில் கிடைத்தது. உற்பத்தி நிற்கக்கூடாது என்பது அரசின் கணக்கு. என் ரைபிளின் இரும்பில் 1943 என்ற எண்களை எண் அச்சும் சுத்தியும் கொண்டு அடித்தவர் அந்த அரிசியைச் சாப்பிட்டவராகத்தான் இருக்க வேண்டும். மாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்த வழியில் அவர் என்ன பார்த்தார் என்பது எங்கும் பதிவாகவில்லை. அவர் அடித்த நான்கு எண்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கு என்ற எண் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அதே 1943இல் வேறொன்றும் நடந்தது. சிங்கப்பூரில் நேதாஜி தம் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்காக ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். அதன் தலைமையை ஏற்றவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் கணிசமானவர்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பால்வெட்டுக் கத்தியைத் தவிர வேறு ஆயுதம் பிடித்திராத கைகள். இந்திய தேசிய இராணுவத்துக்குப் பெரும்பாலும் கிடைத்தவை பிரிட்டிஷாரிடமிருந்து பிடிபட்ட ஆயுதங்கள். அதாவது இதே .303, நம் த்ரீ நாட் த்ரீ. எடை ஏறத்தாழ நாலு கிலோ, நீளம் ஒன்றே கால் கெஜத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பெண்கள் அதைத் தூக்கிப் பயிற்சி எடுத்தார்கள். பர்மா எல்லையில் எதிர்ப்பக்கம் நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த நம் ஊர்ச் சிப்பாய்களின் கையிலும் அதே ரைபிள். இரண்டு பக்கத்துத் தமிழருக்கும் ஒரே தோட்டா பொருந்தும்.

நான்கு எண்கள் அடித்த ஒரு இரும்புத் துண்டு இவ்வளவையும் நினைவுபடுத்துகிறது என்றால், அதை உப்புத்தாள் கொண்டு தேய்க்க யாருக்கு உரிமை இருக்கிறது?

சுடுவதைப் பற்றிச் சொல்கிறேன். பழைய ரைபிளைச் சுவரில் மாட்டி வைத்தால் போதாதா, எதற்குச் சுட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நாதசுரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்தால் அதைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்வோமோ, அவ்வளவுதான் சுடாத ரைபிளைப் பற்றித் தெரியும். ஐந்தைந்து தோட்டாவாக உலோகப் பட்டையில் கோத்திருக்கும். அதை மேலே பொருத்திக் கட்டைவிரலால் ஒரே அழுத்தில் உள்ளே இறக்க வேண்டும். இந்தத் தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சிக்கிவிடும். போல்ட்டைத் தள்ளும்போது கடைசி ஓர் அங்குலத்தில் ஒரு எதிர்ப்புத் தெரியும். உள்ளே வில் இறுகுகிறது. மவுசரில் அந்த எதிர்ப்பு தூக்கும்போது வரும், இதில் தள்ளும்போது. தோளின் முழு பலமும் தள்ளுவதற்குத்தான் இருக்கிறது என்பதால், இது ஓடும் வேகமே தனி. முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் சிப்பாய் ஒரு நிமிடத்தில் பதினைந்து தோட்டாவைக் குறிபார்த்துச் சுடப் பழகியிருந்தான். அறுபது வயதுச் சேகரிப்பாளர்கள் அதைச் செய்து பார்க்கத் தவிப்பார்கள்.

இந்த ரைபிளின் குறிக்கண்ணில் மிகக் குறைந்த தூரமே 200 கெஜம். நாங்கள் சுட்ட தளம் 100 கெஜம். எனவே தாளின் கறுப்பு வட்டத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்தால்தான் நடுவில் விழும். பின்னடி கனமானது. பித்தளைத் தகடு தோள் எலும்பில் குத்தும். இருபது தோட்டாவுக்கு மேல் நான் ஒரு நாளில் சுட்டதில்லை. பத்துத் தோட்டாவும் ஒரு கையகலத்துக்குள் விழுந்த ஒரு அக்டோபர் காலை இருக்கிறது. செய்து அறுபது ஆண்டு கழித்து, எத்தனை மழையில் நனைந்து எத்தனை கை மாறியோ வந்த குழல் அது. அந்தத் தாளை இன்னும் மடித்து வைத்திருக்கிறேன்.

எண்கள் பொருந்துவது அழகுக்காக மட்டும் இல்லை என்று சொன்னேன். கனடாவில் செய்த நான்காம் மாதிரி லீ-என்ஃபீல்டு ஒன்று வாங்கியிருந்தேன். போல்ட்டின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் வேறு வேறு. விற்றவர் அதனால் ஒன்றும் இல்லை என்றார். நானும் நம்பினேன். ஏற்கெனவே சுட்ட உறைகளில் மறுபடி மருந்து நிரப்பிச் சுட்டேன். மூன்றாவது தோட்டாவில், போல்ட்டை இழுத்தால் பாதி உறைதான் வெளியே வந்தது. முன்பாதி குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா விளிம்பு சென்று நிற்கும் இடத்துக்கும் இடையில் ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. அது 0.074 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. வேறு ரைபிளின் போல்ட் வந்தால் அந்தக் கணக்கு தவறிவிடும். போர்க்களத்துச் சேற்றோடும் தோட்டா உள்ளே போகவேண்டும் என்று குழலின் அறையையும் தாராளமாகவே குடைந்திருப்பார்கள். பித்தளை நீண்டு நீண்டு ஒரு நாள் அறுந்துபோகும். அன்று கண்ணாடி அணிந்திருந்தேன். காயம் எதுவும் இல்லை. துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அளவுக்கட்டையை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நான்காம் மாதிரியில் போல்ட்டின் தலை தனியாகக் கழலும். பூச்சியத்திலிருந்து மூன்றுவரை அளவுகள் உண்டு. ஒரு படி பெரிய தலையைத் திருகியதும் சரியானது. பழைய ரைபிளைக் கையில் எடுக்கும் யாரும், ஒரு தோட்டாவைக்கூடச் சுடுவதற்கு முன் அந்த அளவைப் பார்த்தே ஆக வேண்டும். கட்டையில் டி.பி. என்று அடித்திருந்தால் அது அணிவகுப்புக்கு மட்டும் ஒதுக்கியது; அதைச் சுடவே கூடாது.

போலிகளும் உண்டு. பாகிஸ்தான் எல்லைப் பகுதியில் தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் கைக்கருவிகளை வைத்தே லீ-என்ஃபீல்டைப் பார்த்துச் செய்வார்கள். விக்டோரியா ராணியின் முத்திரை இருக்கும், அவர் இறந்த 1901க்குப் பிந்தைய ஆண்டும் அதன் கீழேயே இருக்கும். எழுத்துப் பிழைகள் இருக்கும். செய்தவரின் கைத்திறன் வியப்பானது. ஆனால் இரும்பின் தரத்தை நம்பிச் சுட முடியாது.

மற்ற நாட்டு ரைபிள்களை விரைவாகத்தான் சொல்ல முடியும். சுவிட்சர்லாந்தின் 1931ஆம் ஆண்டு மாதிரியின் பின்தகட்டைக் கழற்றினால், அதை வைத்திருந்த வீரரின் பெயரும் முகவரியும் எழுதிய சிறு சீட்டு பல சமயம் உள்ளே இருக்கும். அந்த முகவரிக்குக் கடிதம் எழுதி, முதியவரிடமிருந்தோ அவர் மகளிடமிருந்தோ பதில் பெற்றவர்கள் உண்டு. ஜப்பானின் அரிசாகா ரைபிளில் பேரரசரின் செவ்வந்திப்பூச் சின்னம் இருக்கும். 1945இல் சரணடைந்தபோது பெரும்பாலானவற்றில் அதை அராவி அழித்துவிட்டுத்தான் ஒப்படைத்தார்கள். அந்த அராவிய வடு சேகரிப்பில் முக்கியமானது. பின்லாந்துக்காரர்கள் ரஷ்யாவிடமிருந்து பிடித்த மோசின்-நாகன்ட் ரைபிள்களைத் தங்கள் முத்திரை குத்தி, புதுக் குழல் மாட்டி, ரஷ்யாவுக்கு எதிராகவே பயன்படுத்தினார்கள். இரண்டாயிரத்துக்குப் பின் சில ஆண்டுகள் மோசின் ரைபிள்கள் அமெரிக்காவில் நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தன. இனி அந்த விலை திரும்பாது.

அந்த மலிவுதான் மிகப் பெரிய கேட்டையும் செய்தது. ஐம்பதுகளில், அறுபதுகளில் வாங்கியவர்கள் மான் வேட்டைக்காக வாங்கினார்கள். முன்கட்டையை ரம்பத்தால் அறுத்தார்கள், குழலை வெட்டிக் குறைத்தார்கள், பழைய குறிக்கண்ணைப் பிடுங்கினார்கள், முத்திரைகளை அராவிப் பளபளப்பாக்கினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அன்று அது விலை குறைந்த இரும்பு, வீட்டில் இறைச்சிக்கு வழி. ஆனால் இன்றும் அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் சேகரிப்பாளர்கள் என்று ஏற்கமாட்டேன். கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பதும் இதுவும் ஒன்றே. நம் ஊர்க் கோயில்களில் மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்கிறோம் என்று கல்வெட்டு எழுத்துகளைத் தேய்த்த கதை உங்களுக்குத் தெரியும். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். எழுத்து போனது போனதுதான்.

கொல்வதற்குச் செய்த பொருளைப் போற்றுவது சரியா என்ற கேள்வியை நான் தவிர்க்க மாட்டேன். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் ஐம்பது சிப்பாய்கள் வரிசையாக நின்று சுட்டார்கள். சுடப்பட்டவை 1650 தோட்டா. அரசு ஒப்புக்கொண்ட சாவு 379. உண்மை அதைவிட அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தச் சிப்பாய்களின் கையில் இருந்தது லீ-என்ஃபீல்டு. நான் சற்றுமுன் மெச்சிய அந்த விரைவான போல்ட்டைத்தான் அவர்கள் பத்து நிமிடம் இழுத்துத் தள்ளினார்கள். இதை மறைத்துவிட்டு இந்த ரைபிளின் சிறப்பைப் பேசுபவரை நம்பாதீர்கள். பாகின் சுவரில் தோட்டா பட்ட துளைகளைக் கட்டம் போட்டுக் காத்து வைத்திருக்கிறோம். துளையைக் காப்பது சரியென்றால் துளையைப் போட்ட கருவியையும் காப்பதுதான் சரி, அதன் எண்ணோடும் ஆண்டோடும், யார் கையில் இருந்தது என்ற விவரத்தோடும்.

இந்தியாவில் இதைத் தனியார் செய்வது அரிது. .303 இங்கே படைக்கும் போலீசுக்கும் உரிய அளவு; சாதாரண உரிமத்தில் கிடைக்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளே இரண்டுதான். அந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நம் தெருக்களில் துப்பாக்கி பெருக வேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஆனால் அதனாலேயே பொறுப்பு முழுதும் அரசு அருங்காட்சியகங்களுக்கும் காவல் துறைக்கும் வந்துவிடுகிறது.

இந்த ரைபிளின் இந்திய வாழ்க்கை முடிந்துகொண்டிருக்கிறது. 1962இல் இமயமலையில் சீனப் படைக்கு எதிரே நம் வீரர்கள் இதோடுதான் நின்றார்கள். அதன் பிறகு இஷாப்பூரில் இதே உருவத்தில், வலுவான எஃகில், 7.62 அளவில் 2ஏ1 என்ற ரைபிளைச் செய்தார்கள். ஒரு நாட்டுப் படையின் சாதாரணச் சிப்பாய்க்காகப் புதிதாக வடிவமைத்த கடைசி போல்ட் ரைபிள்களில் அது ஒன்று. 2008 நவம்பரில் மும்பை ரயில் நிலையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே ரயில்வே போலீசாரிடம் இருந்ததும் .303 தான். அந்த இரவுக்குப் பிறகு மாநிலங்கள் இதை விரைந்து கைவிடத் தொடங்கின. 2020 குடியரசு தின அணிவகுப்போடு உத்தரப் பிரதேசக் காவல் துறை இதற்கு விடைகொடுத்தது. போலீஸ்காரர் கைக்கு இது இனி வேண்டாம் என்பது சரியான முடிவு. உயிரைப் பணயம் வைப்பவருக்குப் புது ஆயுதம் கொடுக்க வேண்டும்.

கழித்த ரைபிள்கள் உருக்காலைக்குப் போகும். போகட்டும். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்றை மட்டும் சுட முடியாதபடி செய்து, தேய்க்காமல், வண்ணம் பூசாமல், அதன் எண்ணையும் முத்திரைகளையும் படியெடுத்து, கிடங்குப் பதிவேட்டின் நகலோடு அருங்காட்சியகத்தில் வைக்கும்படி காவல் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த நூலகத்தின் வழியாக அந்த வேண்டுகோளை எழுத்தில் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். யாரேனும் சேர்ந்து கையெழுத்துப் போட விரும்பினால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.

இன்னொன்று உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது. ஒவ்வொரு காவலருக்கும் ஒரு ரைபிள் ஒதுக்கியிருப்பார்கள். அதன் கட்டையில் ஒரு எண் இருக்கும். பட் நம்பர் என்பார்கள். என் அப்பாவுக்கு அவருடைய பட் நம்பர் ஓய்வு பெற்று இருபது ஆண்டு கழித்தும் மனப்பாடம். எங்கள் எதிரிலேயே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் எழுதி வைக்கவில்லை. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் நினைவிருக்கிறது, நாற்பத்தேழு. உங்கள் வீட்டில் ஓய்வுபெற்ற காவலரோ படைவீரரோ இருந்தால், இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கேளுங்கள். எண் என்ன, எந்த ஊர்க் கிடங்கு, எந்த ஆண்டு கையில் வாங்கினார், எந்த ஆண்டு திருப்பிக் கொடுத்தார். ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவரிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள்.